கூடம் கோணலானால் ஆட்டமும் கோணல்

(வீட்டுப் பட்டறையில் சிஎன்சி ரவுட்டர் மேசை அமைப்பது பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின் மேல் பழிபோடுகிறவரைக் கேலி செய்யச் சொல்லப்படுவது. ஆனால் ஓர் இயந்திரத்தின் விஷயத்தில் மட்டும் இந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஆடுவது கணினி. அதற்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். கூடம்தான் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. அந்தக் கூடத்தைக் கட்டியவரோ வேறு யாருமல்லர், வீட்டுக்காரரேதான்.

அந்த இயந்திரத்தின் பெயர் சிஎன்சி ரவுட்டர் மேசை. ரவுட்டர் என்பது தச்சர்களுக்குப் பழக்கமான கருவி. வேகமாகச் சுழலும் வெட்டுமுனையைக் கொண்டு பலகையில் குழி தோண்டும், ஓரம் சீவும், பூவேலை செய்யும். தச்சர் அதைக் கையால் பிடித்து நகர்த்துகிறார். சிஎன்சி மேசையில் அதே ரவுட்டரை மோட்டார்கள் நகர்த்துகின்றன. இடம் வலம் ஒன்று, முன் பின் ஒன்று, மேல் கீழ் ஒன்று என மூன்று திசைகள். எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதைக் கணினி எண்களாகச் சொல்கிறது. திரையில் ஒரு கோலத்தை வரைந்தால் பலகையில் அதே கோலம் வந்துவிடும்.

தொழிற்சாலைக்கான இயந்திரத்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே வரிசை வீட்டின் கார் நிறுத்துமிடத்திலோ பின்கட்டிலோ சொந்தமாகச் செய்து பார்க்கப் பலர் முனைகிறார்கள். ஆர்வத்தோடு தொடங்கியவை பாதியில் நின்று, துருப்பிடித்து, பழைய சாமான்களோடு சேர்ந்துவிடுவதும் உண்டு. போட்ட பணம் போனது மட்டுமல்ல, "இதெல்லாம் நமக்கு வராது" என்ற எண்ணமும் வீட்டுப் பிள்ளையின் மனத்தில் தங்கிவிடுகிறது. அதுதான் பெரிய நட்டம்.

விமானப் படையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு

இந்த இயந்திரத்தின் கதை மரத்தில் தொடங்கவில்லை, ஹெலிகாப்டர் இறக்கையில் தொடங்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் 1940களில் ஹெலிகாப்டர் சுழல் இறக்கைகளைத் தயாரித்துவந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இறக்கையின் வளைந்த வடிவத்துக்கு வரைபடத்தில் 17 புள்ளிகள்தான் கொடுக்கப்பட்டிருந்தன. இடைப்பட்ட வளைவைக் கைத்திறனால் இட்டு நிரப்ப வேண்டும்.

பார்சன்ஸும் அவருடைய பொறியாளர் பிராங்க் ஸ்டூலனும் ஐபிஎம் துளை அட்டைக் கணக்குப் பொறியைக் கொண்டு அந்த வளைவுக்கு 200 புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். பிறகு ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, மற்ற இருவர் இயந்திரத்தின் இரண்டு கைப்பிடிகளைத் திருப்பி ஒவ்வொரு புள்ளியாக வெட்டினார்கள். மூன்று மனிதர்கள் செய்த அந்த வேலையைத்தான் இன்று ஒரு கணினியும் சில மோட்டார்களும் செய்கின்றன.

1949ஆம் ஆண்டு அமெரிக்க விமானப்படை பார்சன்ஸுக்கு ஒப்பந்தம் வழங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இதில் சேர்ந்தது. எண்களைப் படித்துத் தானே நகரும் இயந்திரம் 1952இல் அங்கே செயல்விளக்கம் செய்து காட்டப்பட்டது. பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் 1985இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

பல ஆண்டுகள் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்த இந்த நுட்பம், இந்த நூற்றாண்டில் வீட்டுக்கு வந்தது. 2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மலிவான சிறு மின்பலகை பிறந்தது. 2009இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட், அந்தச் சிறு பலகையிலேயே ஓடக்கூடிய 'ஜிஆர்பிஎல்' என்ற கட்டுப்பாட்டு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். 2011இல் அமெரிக்கரான எட்வர்டு போர்டு, 'ஷேப்போக்கோ' என்ற வீட்டு சிஎன்சி மேசையின் வடிவமைப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டார். மூளை இவ்வாறு மலிவாகிவிட்டது. ஆனால் உடம்பு மலிவாகவில்லை. அதை இன்றும் கையால்தான் ஒழுங்காகக் கட்டவேண்டும்.

தாளில் உள்ள எண்ணும் மேசையில் உள்ள உண்மையும்

வீட்டு மேசைகளில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தப்படுகிறது. சாதாரண மோட்டார் போல ஓடிக்கொண்டே இராமல், அடி அடியாக நகர்வது இது. ஓர் அடி 1.8 பாகை. 200 அடி வைத்தால் ஒரு முழுச் சுற்று. மின் இயக்கி ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1,600 சிற்றடிகள். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டை அதனோடு இணைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 சிற்றடிகள் கிடைக்கும். அதாவது ஒரு சிற்றடி 0.003 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு!

இந்தக் கணக்கைப் பார்த்ததும் இயந்திரம் தயாராகிவிட்டதாகவே பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. மோட்டார் முடியளவு துல்லியமாக நகரலாம். ஆனால் ரவுட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் வெட்டும்போது அரை மில்லிமீட்டர் வளைந்தால், பலகையில் விழுவது அந்த அரை மில்லிமீட்டர்தான்.

இரு முனையிலும் மட்டும் தாங்கப்பட்ட உருளைத் தண்டை எடுத்துக்கொள்வோம். அதன் நீளத்தை இரட்டித்தால், அதே சுமைக்கு நடுவில் உண்டாகும் வளைவு இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. தண்டின் விட்டத்தை இரட்டித்தால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. "இன்னும் கொஞ்சம் பெரிய மேசையாக இருக்கட்டுமே" என்ற ஆசைதான் பல வீட்டு இயந்திரங்களைக் கெடுத்திருக்கிறது. முதல் மேசை சிறியதாக இருப்பதே புத்திசாலித்தனம். நீளம் கட்டாயம் வேண்டுமென்றால், தண்டை நெடுகிலும் அடியில் தாங்கும் தண்டவாளம் போட வேண்டும்.

மூலை மட்டம்

அடுத்தது மூலை. இரண்டு திசைகளும் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பழைய கொத்தனார்கள் வீட்டுக்கு மூலை மட்டம் பார்த்த அதே மூன்று, நான்கு, ஐந்து கணக்குப் போதும். ஒரு பக்கம் 600 மில்லிமீட்டர், மறுபக்கம் 800 என்றால், குறுக்கே 1,000 வரவேண்டும். மற்றக் குறுக்களவும் அதே 1,000 ஆக இருக்க வேண்டும். ஒன்று 1,000.6 என்றும் மற்றது 999.4 என்றும் வந்தால், 800 மில்லிமீட்டர் தூரத்தில் சட்டம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த மேசையில் வெட்டிய அலமாரிக் கதவு எந்தச் சட்டத்திலும் ஒழுங்காக உட்காராது.

திருகாணிகளை முதலிலேயே இறுக்கிவிடக் கூடாது. பாதி இறுக்கி, அளந்து, தட்டிச் சரிசெய்து, மறுபடி அளந்த பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். ஒரு முழு மாலைப்பொழுது இதிலேயே போகும். அந்த மாலை வீண்போவதில்லை.

வட்டத்தில் நாடி பார்ப்பது

கட்டி முடித்த மேசையின் நோயைக் கண்டுபிடிக்க ஒரு வட்டம் வெட்டிப் பார்த்தால் போதும். வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான்.

வட்டம் ஒரு திசையில் நீண்டும் மறுதிசையில் குறுகியும் இருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை அடி என்ற கணக்கில் தவறு. வட்டம் மூலைவாட்டில் இழுபட்டிருந்தால், மூலை மட்டம் தவறு. மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் வளைவு தட்டையாகவோ சிறு படியாகவோ இருந்தால், திருகுத் தண்டுக்கும் அதன் மரைக்கும் இடையில் தளர்ச்சி இருக்கிறது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராவிட்டால், மோட்டார் நடுவில் அடி தவறியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் தான் நகர்ந்ததா இல்லையா என்பதைக் கணினிக்குத் திருப்பிச் சொல்வதில்லை. வெட்டுமுனை மரத்தில் சிக்கி நின்றாலும், "போய்விட்டது" என்றே கணினி நம்பும். அடுத்த கோடு முழுவதும் இடம் மாறி விழும். இதற்குக் கணினியைத் திட்டிப் பயனில்லை. வெட்டும் ஆழத்தைக் குறைக்க வேண்டும், அல்லது எங்கே இறுக்கம் என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியான பிறகு, மேசையின் மேல் ஒரு பலிப்பலகையைப் பொருத்துவார்கள். வெட்டுமுனை கீழே இறங்கினால் அடிபடுவதற்கென்றே வைக்கப்படும் பலகை அது. இயந்திரம் செய்யும் முதல் வேலை, அந்தப் பலகையின் முகத்தைத் தானே சீவிச் சமப்படுத்துவதுதான். ஆனால் அது சரிசெய்வது மேடைப் பலகையின் மேடு பள்ளத்தை மட்டும். சட்டத்தின் சாய்வை அது சரிசெய்யாது.

மெதுவாகப் போனால் கருகும்

புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தால் ரவுட்டரை மிக மெதுவாக நகர்த்துவார்கள். கார் ஓட்டும்போது அது நல்ல பழக்கம். இங்கே கெட்ட பழக்கம். வெட்டுமுனை நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுழல்கிறது. அதற்கு இரண்டு பற்கள். ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் மரத்தைச் சீவ வேண்டுமென்றால், ரவுட்டர் நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போனால், பல் மரத்தைச் சீவாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடு. முனை மழுங்கும், மரம் கருகும், தூளுக்குள் கனல் தங்கித் தீப்பிடிக்கவும் கூடும். கீழே விழுவது சீவலாக இருந்தால் நல்லது. மாவாக மட்டும் இருந்தால் ஏதோ தவறு. எக்காரணத்தைக் கொண்டும் இயந்திரத்தை ஓடவிட்டு விட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது.

விரலும் மூச்சும்

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மோட்டார்களுக்கு 24 அல்லது 36 வோல்ட்தான் போகிறது. ஆனால் மின்வழங்கிப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வருவது வீட்டு மின்சாரமான 230 வோல்ட். அந்தப் பகுதியைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைப்பதில் வெட்கமில்லை. இரும்புச் சட்டத்துக்கு நில இணைப்பு கட்டாயம். கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். அது மோட்டார்களை மட்டுமல்ல, ரவுட்டரையும் நிறுத்த வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் கம்பியைப் பிடுங்கினால் இயக்கி கருகிவிடும்.

சுழலும் முனைக்கு அருகில் கையுறை அணியக் கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு வேண்டும். வரிசை வீட்டில் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருப்பதையும் மறக்கலாகாது.

எல்லாவற்றையும்விட அலட்சியப்படுத்தப்படுவது தூசு. மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியது. எம்டிஎஃப் பலகையின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியலில் இருக்கிறது. தூசு உறிஞ்சியும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. துணி காயப்போடும் இடமும் குழந்தை விளையாடும் இடமும் பட்டறை ஆகக் கூடாது.

ரப்பர் பலகை

மலேசியாவில் இந்த மேசையின் மேல் பெரும்பாலும் ஏறக்கூடியது ரப்பர் மரப்பலகை. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள் வெட்டப்பட்டுத் தளவாடங்களாகின்றன. ஜொகூரில் உள்ள மூவார் அந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தோட்டங்களில் அந்த மரங்களைச் சீவியவர்களில் தமிழர்கள் ஏராளம். பட்டை ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில் சீவப்பட வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. எந்த மோட்டாரும் இல்லாமல் விடியற்காலை இருட்டில் அந்தத் துல்லியத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு "இதெல்லாம் வராது" என்று யார் சொல்வது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேசை செய்ய விரும்பும் பிள்ளை முதல் வட்டத்தைக் கோணலாக வெட்டினால் சிரித்துவிட வேண்டாம். எங்கே கோணல் என்று அந்தப் பிள்ளையே அளந்து கண்டுபிடிக்கட்டும். வீட்டு மேசைக்குக் கொடுக்கும் ஜி-கோடு கட்டளைகளின் அடிப்படைதான் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் அடிப்படை. பொத்தானை அழுத்த மட்டும் தெரிந்தவர், இயந்திரம் நின்றால் தானும் நின்றுவிடுவார். கோணலை அளந்து நிமிர்த்தப் பழகியவருக்கு எந்தப் பட்டறையிலும் இடமிருக்கும். தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்க விரும்பினாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

ஆகவே மேசை செய்ய முனைகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது மோட்டாரோ மின்பலகையோ அல்ல. நல்லதொரு அளவுகோலும் மூலைமட்டமும்தான். கூடத்தை நேராகக் கட்டிய பிறகு ஆட்டக்காரரை அழைக்கலாம்.