எனிவெட்டாக்: துளையும் குழியும்

ஆசிரிய நண்பர்களே, வட்டப் பவளத்திட்டு என்றதும் கரும்பலகையில் ஒரு வளையம் வரைகிறோம், நடுவே காயல். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்ந்தது என்று 1842-இல் டார்வின் எழுதினார். மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் 1952-இல் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது சரி!

இதுவரை எல்லோரும் நடத்துவோம். துளையிட அங்கே ஏன் போனார்கள்? அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனைக்களம் அது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் எலுகெலாப் என்ற தீவே காணாமல் போனது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலக் குழிதான் மிச்சம். மக்களை 1947-லேயே உஜெலாங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்ப 1980 ஆயிற்று.

அடுத்த முறை வளையம் வரைந்ததும், வடக்கு விளிம்பில் ஒரு புள்ளியை அழித்துவிட்டு, ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.