அரை மணி நேர ஓய்வும் உங்கள் உடம்பும்



சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு நினைவிருக்கும். விடியுமுன் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் மரம் சீவி முடிக்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். இன்று பிள்ளைகள் ஈப்போ சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். இயந்திரத்துக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அதனால் நேரத்தை எழுத்தில் வகுக்க வேண்டியிருக்கிறது.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது. இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும். பத்து நிமிடத் தேநீர் இந்தக் கணக்கில் சேராது. நிறுத்த முடியாத வேலையென்றால், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது தர வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம் வரும். இயந்திரத்தின் முன் நிற்கும்போது அப்படி வந்தால் என்ன ஆகும்? கிளினிக்கில் உங்கள் ஷிப்ட் நேரத்தைச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வு நேரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதாது. அந்த அரை மணி நேரம் இயந்திரத்தைப் பார்க்கும் பதில் ஆள் யார் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஓய்வு தாளில்தான் இருக்கும்.

அடுத்து ஓவர்டைம். 2023 ஜனவரி 1 முதல் வழக்கமான வேலை வாரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவருக்கு, வேலை நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. அந்தப் பணத்தில் பள்ளிச் செலவும் கார்த் தவணையும் ஓடுகின்றன. வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. ஆனால் கணக்குப் பாருங்கள். மாத உச்சவரம்பு 104 மணி. வாரத்துக்கு ஏறத்தாழ 24. நாற்பத்தைந்துடன் கூட்டினால் 69. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரைவிட, 55 மணியோ அதற்கு மேலோ செய்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. சட்டம் அனுமதிப்பதையெல்லாம் உடம்பு தாங்காது.

ஓய்வு மறுக்கப்பட்டால் முதலில் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சம்பளச் சீட்டையும், நாள்தோறும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் குறித்த தாளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.