தொப்பிக்காரப் பொடியனும் குருக்கள் மகனும்

நயினாதீவுப் பிள்ளை யாழ்ப்பாண நகரப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போனால், குறிகட்டுவானில் படகால் இறங்கி பஸ் ஏறுவது பெரிய விசயமில்லை. வகுப்பில் யாராவது "தீவோ?" என்று இழுத்துக் கேட்பதுதான் சங்கடம்.

கடலுக்கு அக்கரையில், நம்முடைய நயினாதீவைப் போலவே கோயிலால் பேர்பெற்ற தீவு இராமேஸ்வரம். அங்கே ஐந்தாம் வகுப்பில், தொப்பி போட்ட முஸ்லிம் பொடியன் ஒருவன் முன்வரிசையில் இருந்தான். பக்கத்தில் பூணூலோடு அவன் கூட்டாளி இராமநாத சாஸ்திரி, கோயில் தலைமைக் குருக்களின் மகன். புதிதாக வந்த வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. தொப்பிக்காரனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அப்போது இராமநாதன் அழுத முகம் மனதில் பதிந்துவிட்டதாக அந்தப் பொடியன் பிறகு எழுதினார். அவர்தான் அப்துல் கலாம்.

செய்தி வீட்டுக்குப் போனது. குருக்கள் இலட்சுமண சாஸ்திரி வாத்தியாரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போக வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லாமல் பெரியவரை அதட்டினாரே, அது எனக்குப் பிடித்தது. வாத்தியார் வருந்தித் திருந்தினார். தொப்பியும் கழலவில்லை, பூணூலும் கழலவில்லை.

பின்னாளில் இராமநாதன் தகப்பனின் இடத்தில் குருக்களானார். கலாம் 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார்.

நகரத்துப் பிள்ளைகளே, தீவுப் பிள்ளை வகுப்புக்குப் புதிதாக வந்தால் வாங்கில் நகர்ந்து இடம் விடுங்கோ. பின்னேரம் படகைப் பிடிக்க ஓடினால் கோபிக்காதேங்கோ.