யாருடைய கார்?
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மன்ஹாட்டன் பீச் நகரில், டான் மர்பி என்றொரு தந்தை வாழ்ந்தார். சிறுவர்கள் தாங்களே வண்டி செய்து, அதில் ஏறி ஓட்டும் பந்தயம் அந்நாட்டில் உண்டு. அதில் சேர அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதவில்லை. தந்தை அதோடு விட்டுவிடவில்லை. குருளையர் படைச் சிறுவர்களுக்கென்றே புதிய பந்தயம் ஒன்றை வகுத்தார். 1953 மே 15 அன்று அது முதன்முதலாக நடந்தது.

ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சக்கரங்கள், அச்சுக்கு ஆணிகள், இவ்வளவே தேவை. எஞ்சின் கிடையாது. சரிவான பாதையில் சிறு கார் தானே உருண்டோடும். எடை மட்டும் 5 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 142 கிராமைத் தாண்டலாகாது.

தந்தையும் மகனும் நெருங்கிப் பழக வேண்டும், கைத்திறன் வளர வேண்டும் என்பதே மர்பியின் நோக்கம். ஆனால் பந்தயம் என்றதும் வெற்றி ஆசை பெரியவர்களான நம்மைப் பிடித்துக்கொள்கிறது. "நீ தள்ளி நில்லப்பா" என்று அரத்தை நாமே வாங்கிக்கொள்கிறோம். கார் முதலாவதாக வரலாம். ஆனால் அது யாருடைய கார்?

ரம்பம் பிடிப்பது நம் பொறுப்பு. உப்புத்தாள் தேய்ப்பதும், வண்ணம் பூசுவதும், சக்கரம் மாட்டுவதும் பிள்ளையின் உரிமை. தந்தை அருகில் இல்லாத பிள்ளைக்கு அயல்வீட்டுப் பெரியவர் துணை நிற்கட்டும். ஊர்கூடிச் செய்வதன் பொருளே அதுதான். கோணல் கார் கடைசியில் வந்தாலும், "நானே செய்தேன்" என்று பிள்ளை சொல்லட்டும். நமக்கு அதுவே பரிசு.