லயத்துக்கு ஓர் ஆண் முயல் போதும்

(மேற்பிரிவு மாதர் அணிக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சை ஒரு நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு முயல் வளர்ப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று மாதர் அணித் தலைவி கேட்டுக்கொண்டார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம். ஏனென்றால் இதுவும் சம்பளப் பேச்சுதான். குட்டி விற்ற காசில் பிள்ளைக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிய வீடு நம் லயத்தில் உண்டு. கடனுக்கு வாங்கிய முயல் செத்துப்போய், வாராவாரம் கட்டுக்காசு மட்டும் மிஞ்சிய வீடும் உண்டு.

அந்த இரண்டாவது வீடுகளில் என்ன நடந்தது? கடன் கொடுக்க வந்தவர்கள் ஜோடி ஜோடியாகக் கொடுத்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண், ஒரே கூடு. கூடு தானாக நிறையும் என்றார்கள். நிறையத்தான் செய்தது. எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடி சினை பிடிக்கும். பக்கத்திலேயே ஆண் இருந்தால் அது சும்மா இருக்காது. முதல் ஈற்றுக் குட்டிகள் பால் மறக்கும் முன்பே அடுத்த ஈற்று வந்துவிடும். மடியில் ஒரு கூட்டம், வயிற்றில் ஒரு கூட்டம். நம் தாய்மாருக்குச் சட்டம் 84 நாள் பிரசவ லீவு என்கிறது. ஆணோடு ஒரே கூட்டில் கிடக்கும் பெண் முயலுக்கு ஒரு நாள்கூட இல்லை. மெலிந்து, பால் வற்றி, குட்டியும் சாகும், தாயும் சாகும்.

ஆகவே ஜோடியாக வாங்கவே வேண்டாம். ஓர் ஆண் பத்துப் பெண் முயலுக்குப் போதும். லயத்துக்கு ஓர் ஆணைப் பொதுவில் வாங்கி, பொறுப்பான ஒரு வீட்டில் தனிக்கூட்டில் வையுங்கள். தீனிச் செலவை எல்லா வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம். எந்த முயல் எந்தத் தேதியில் சேர்ந்தது என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எழுத்து வேலையை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள், நன்றாகச் செய்வார்கள். பொது ஆணைத் தன் மகளோடும் பேத்தியோடும் சேர்க்காமல் இருக்கவும் அந்தக் கொப்பிதான் உதவும். வருடத்துக்கு ஒரு தடவை பக்கத்து லயத்து ஆணோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்யக் கூடாது. தன் கூட்டுக்குள் வேறு முயல் வந்தால் பெண் கடித்துக் குதறிவிடும். கூடிய பிறகுதான் அதற்குக் கரு முட்டையே வெளிவரும், அதனால் நாள் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பெண்ணுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தால் போதும். சில நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும், உடனே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். வருடத்துக்கு நாலு ஈற்றுக்கு மேல் வேண்டாம்.

28ஆம் நாளில் காய்ந்த புல் போட்ட பலகைப் பெட்டியைக் கூட்டுக்குள் வையுங்கள். தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போடும். குட்டிகள் முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். கண் திறக்கப் பத்து நாள் ஆகும். தாய் பால் கொடுப்பது நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, அதுவும் சில நிமிடம்தான். “குட்டியை ஒதுக்கிவிட்டது” என்று பயந்து பசுப்பாலைப் புகட்டிக் கொன்ற வீடுகள் பல. குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள். ஆறு வாரத்தில் பிரிக்கலாம். மூன்று மாதத்துக்குள் ஆண் குட்டிகளைக் கட்டாயம் தனியாக்க வேண்டும். வளர்ந்த இரண்டு ஆண்கள் ஒரே கூட்டில் இருந்தால் விதைப்பையைக் கடித்துக் கிழித்துக்கொள்ளும்.

ஒன்றாக இருக்கக் கூடியவை அக்கா தங்கச்சி முயல்கள்தான், அதுவும் சின்னதிலிருந்தே பழகியிருந்தால். வெளியிலிருந்து புதுப் பெண் முயல் கொண்டுவந்தால் நேரே உள்ளே தள்ளாதீர்கள். இரண்டு வாரம் பக்கத்துப் பக்கத்துக் கூட்டில், கம்பிக்கும் கம்பிக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். இதன் புல்லை அதற்கும் அதன் புல்லை இதற்குமாக மாற்றிப் போடுங்கள். வாசனை பழகட்டும். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓரிடத்தில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கொஞ்சம் துரத்துவதும் மேலே ஏறுவதும் சாதாரணம். முடி பறந்தால் உடனே பிரித்துவிடுங்கள். கையை நடுவில் விட்டால் கடி உங்களுக்கு. நடுவில் ஒரு படங்கைப் போடுங்கள். தீனித் தட்டு இரண்டு வேண்டும், ஒளிய மறைவிடமும் இரண்டு வேண்டும். சில முயல்கள் எவ்வளவு பழக்கினாலும் ஒத்துவராது, அவற்றைத் தனியே விடுவதுதான் நல்லது. “தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்” என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

தேயிலை மலையில் பிடிபடும் காட்டு முயலைக் கூட்டில் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு சாதி. அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலோடு அது இனம் சேராது. அடைத்தால் பயத்திலேயே செத்துவிடும்.

கூடு தரையிலிருந்து உயர இருக்க வேண்டும். நம் மலைக் குளிரை முயல் தாங்கும், ஈரத்தையும் ஊதல் காற்றையும் தாங்காது. கம்பித் தளத்தில் ஒரு மூலைக்குப் பலகை போடாவிட்டால் பாதம் புண்ணாகும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். தூக்கும்போது பின்புறத்துக்குக் கை கொடுங்கள், உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும். விடியற்காலையில் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்னும். அது நோய் இல்லை, அதற்கு அது தேவை.

தீனி பெரும்பாலும் புல்லாக இருக்கட்டும். பல் வாழ்நாள் முழுதும் வளரும், புல்தான் அதைத் தேய்க்கும். முள்முருங்கை இலை, கொய்யாக் கிளை கொடுக்கலாம். கரட் கிழங்கு கொஞ்சம் போதும், அதன் இலை நல்லது. லீக்ஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு இலை கூடவே கூடாது.

புல் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2015இல் தடை செய்த கிளைபோசேட் களைநாசினியை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். மருந்து அடித்த மலைப் புல் இரண்டு மூன்று நாளைக்குப் பச்சையாகத்தான் தெரியும். அதை அறுத்துக் கட்டி முதுகில் சுமந்து வருவது நாம், பல நேரம் நம் பிள்ளைகள். முயலுக்கு ஆகாதது நம் தோலுக்கும் ஆகாது. எந்த நம்பர் மலைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்பதை முதல் நாளே பெரட்டுக்களத்தில் சொல்ல வேண்டும் என்று தோட்டக் கமிட்டி கேட்டிருக்கிறது. பதில் வரும்வரை பீலிக்கரைப் பக்கத்துப் புல்லையும் வீட்டுத்தோட்டப் புல்லையும் அறுங்கள். புல் அறுக்கவென்று பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறிக்க வேண்டாம். வருகைப் பதிவேடு நம் கையில்தான் இருக்கிறது, தெரிந்துவிடும்.

வருகிற ஞாயிறு காலை பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் ஒரு கூடு அடித்துக் காட்டுகிறோம். பழைய பலகை, தகரம், கம்பி வெட்டும் குறடு உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். பொது ஆணை வைத்துக்கொள்ள எந்த வீடு தயார் என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.