மீட்ட கடல் யாருக்கு?



படையில்லாத நாடொன்று, பாராண்ட பிரிட்டனைப் பணிய வைத்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். கதை என்றேன், கற்பனையல்ல, வரலாறு!

வட அட்லாண்டிக் கடலிலே பனித் தீவு, ஐஸ்லாந்து. அங்கே நெல் விளையாது, காடு அரிது. புல் முளைக்கும், ஆடு மேயும். மற்றபடி அந்நாளில் மீனே உணவு, மீனே செல்வம், மீனே ஏற்றுமதி! அந்த மீனை நெடுங்காலம் அள்ளிச் சென்றவை எவை? பிரிட்டனின் இழுவைக் கப்பல்கள்!

“எங்கள் கரையோரக் கடல் எங்களுக்கே” என்றது சின்னஞ்சிறு நாடு. 1958-இல் 12 கடல் மைல் என எல்லை வகுத்தது. 1972-இல் 50 என்றது. 1975-இல் 200 என்றது. போர்க்கப்பல்களை ஏவிற்று பிரிட்டன். ஐஸ்லாந்திடம் இருந்தவையோ சில காவற் கப்பல்கள். அவை இழுத்து வந்த ஒரு வெட்டுக் கருவி! வலையை இழுக்கும் கம்பியை அறுத்தார்கள், வலை ஆழ்கடலிலே! 1976 ஜூனில் உடன்படிக்கை. 200 மைலை ஒப்புக்கொண்டது வல்லரசு.

வெற்றி! ஆனால் தோழர்களே, வெற்றிக்குப் பிறகுதானே வினா எழுகிறது: மீட்ட கடல் யாருக்கு?

மீன்வளம் குன்றிற்று. 1984-இல், கப்பலுக்கு இவ்வளவே காட் மீன் எனப் பங்கு வகுத்தனர். நோக்கம் நல்லது, வரம்பின்றி வாரினால் கடலும் வறண்டுவிடும். ஆனால் பங்கு யாருக்கு? முன்பே கப்பல் வைத்துப் பிடித்தவர்க்கு, அதுவும் இலவசமாக! 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம் என்றது. அதே சட்டத்தின் முதல் விதி என்ன கூறுகிறது தெரியுமா? மீன்வளம் நாட்டு மக்களின் பொதுச் சொத்து! ஏட்டிலே பொதுச் சொத்து. சந்தையிலே தனிச் சரக்கு!

பணம் படைத்தோர் வாங்கிக் குவித்தனர். பங்கு பறிபோன சிற்றூர்த் துறைகள் வெறிச்சோடின. பங்கின்றி மீன்பிடித்துத் தண்டனை பெற்ற மீனவர் இருவர் முறையிட்டனர், 2007-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அவர்களுக்கு இழைக்கப்பட்டது பாகுபாடே என்று தீர்ப்புரைத்தது. பங்குக்குக் கட்டணமும் வந்தது. பங்கு மட்டும் வைத்திருந்தவர் கையை விட்டுப் போகவில்லை.

தோழர்களே! அந்நியனை வெளியேற்றுவது பாதி விடுதலை. வந்த வளத்தை உழைப்பவனுக்கு வகுத்தளிப்பது மறுபாதி. எல்லைக்கோடு போட்டால் நாடு கிடைக்கும். பங்கீட்டுக் கோடு நேரானால்தான் வீட்டிலே உலை கொதிக்கும்!