"வயிறு வலிக்குது டாக்டர்" மட்டும் போதாது

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

"வயிறு வலிக்குது" என்று மட்டும் சொன்னால், ஐ.சி.டி.-10 குறியீட்டில் அது ஆர் 10.4, இடம் குறிப்பிடாத வலி. மேல் வயிறு என்றால் ஆர் 10.1, அடிவயிறு என்றால் ஆர் 10.3. அதனால் விரல் வைத்துக் காட்டுங்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலி இடம் மாறியதையும் சொல்லுங்கள்.

என்ன சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள் என்பதையும்தான். 2024 ஜூனில் நம் கருணாபுரத்துக்காரர்கள் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சாராயம் காரணமல்ல என்றது நிர்வாகம், முதலில். கல்வராயன் மலையில் வெல்லத்தை ஊறப்போட்டுக் காய்ச்சுவது வேறு. இது ஆலையில் பயன்படும் மெத்தனால். அதற்குக் குறியீடே தனி, டி 51.1. மாற்று மருந்தும் உண்டு, நேரத்தோடு கொடுத்தால். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டில் யார் குடித்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அங்கே மானம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. காரணம் தெரிந்த பிறகும் டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் "வயிற்று வலி" என்று இருந்தால், நோயின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் முதலில் கேட்பது அதைத்தான்.